ஹெடர் இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை: ஆர்டுயினோ கேள்வி–பதில்

இந்த இதழில் லைப்ரரி (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு) தொடர்பான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எரர் செய்தியை முழுதாக எழுதி அனுப்பிய வாசகர்களுக்கு நன்றி. லைப்ரரியின் ஹெடர் கோப்பை (.எச்) நிரலுக்குள் அழைக்கும் வரிதான் இன்க்லூட். ‘இன்க்லூட் வேலை செய்யவில்லை’ என்ற ஒரே புகாருக்குப் பின்னால் கோப்பு கிடைக்காதது, தவறான கோப்பு கிடைத்தது, சரியான கோப்பே கிடைத்தும் உள்ளே மோதல் என்று மூன்று வேறு வேறு கோளாறுகள் உண்டு. எது என்பதை அந்தச் செய்திதான் சொல்லும்.

கேள்வி: டிஎச்டி11 சென்சாருக்கான லைப்ரரியை முறையாகத்தான் நிறுவினேன். ஆனாலும் ‘அடாஃப்ரூட்_சென்சார்.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வருகிறது. என் ஸ்கெட்சில் (நான் எழுதிய நிரலில்) அந்தப் பெயரே இல்லையே! நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஇ-யை இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன்.

பதில்: ஐடிஇ-யை எத்தனை முறை நீக்கி நிறுவினாலும் இது தீராது. நீங்கள் சேர்க்கும் லைப்ரரிகள் ஐடிஇ-க்குள் உட்காருவதில்லை. உங்கள் ஸ்கெட்ச்புக் ஃபோல்டரில் இருக்கும் ‘லைப்ரரீஸ்’ என்ற உள்ஃபோல்டரில்தான் உட்காருகின்றன. ஐடிஇ-யை நீக்கும்போது அந்த ஃபோல்டர் அப்படியே இருக்கும். குறையும் அப்படியே இருக்கும்.

எரர் பகுதியின் கடைசி வரியான ‘எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1’ எதையும் சொல்லாத வரி. மேலே ஏறிப் போய் முதல் எரரைப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் அங்கே ‘இன் ஃபைல் இன்க்லூடட் ஃப்ரம்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் டிஎச்டி_யு.சிபிபி என்ற கோப்பின் பெயரும், அடுத்த வரியில் டிஎச்டி_யு.எச் என்ற பெயரும், அதன் பின்னால் 36:10 போன்ற இரண்டு எண்களும் தெரியும். முதல் எண் அந்தக் கோப்பின் வரி எண். இரண்டாவது, அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்பது. இந்த 10 தற்செயலாக வந்ததில்லை. # குறி ஒன்று, இன்க்லூட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஏழு எழுத்து, ஓர் இடைவெளி, ஆக ஒன்பது. பத்தாவது இடத்தில் கோணக்குறி தொடங்குகிறது. ‘இங்கே கேட்கப்பட்ட கோப்பு எனக்குக் கிடைக்கவில்லை’ என்று, நிரலைச் சில்லுக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் விரல் வைத்துக் காட்டும் இடம் அது. அதாவது, அடாஃப்ரூட்_சென்சார்.எச் கோப்பைக் கேட்டது உங்கள் ஸ்கெட்ச் அல்ல, நீங்கள் நிறுவிய லைப்ரரி.

உங்கள் நிரலில் டிஎச்டி.எச் மட்டும் இருந்தாலும், ஒரு லைப்ரரி பயன்பாட்டுக்கு வந்துவிட்டால் அதிலுள்ள எல்லா .சிபிபி கோப்புகளையும் ஐடிஇ கம்பைல் செய்யும். டிஎச்டி_யு.சிபிபியும் அதில் ஒன்று. அதற்கு இன்னொரு லைப்ரரி தேவை.

தீர்வு: கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஐ அழுத்தி லைப்ரரி மேனேஜரைத் திறந்து, ‘அடாஃப்ரூட் யூனிஃபைட் சென்சார்’ என்று தேடுங்கள். அதை ஒட்டிய பெயர்கள் பல வரும். சரியாக இந்தப் பெயர் உள்ளதை நிறுவுங்கள். ஹெடரின் பெயரும் லைப்ரரியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டிஎச்டி.எச் இருப்பது ‘டிஎச்டி சென்சார் லைப்ரரி’யில். ஓஎல்இடி திரை வைத்திருப்பவர்களைப் படுத்தும் அடாஃப்ரூட்_ஐ2சிடிவைஸ்.எச் இருப்பது ‘அடாஃப்ரூட் பஸ்ஐஓ’வில். டைனிஜிபிஎஸ்++.எச் இருப்பது ‘டைனிஜிபிஎஸ்பிளஸ்’ஸில்.

ஐடிஇ 1.8.10 முதல், ஒரு லைப்ரரியை நிறுவும்போதே ‘இதற்கு வேறு லைப்ரரிகளும் தேவை’ என்று ஒரு பெட்டி திறக்கும். அதில் ‘இன்ஸ்டால் ஆல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் மற்ற பட்டனை அழுத்தியவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லை. ஜிப் கோப்பாகச் சேர்த்தால் அந்தப் பெட்டி வராது. துணை லைப்ரரிகளை நீங்களேதான் தேடிச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: லைப்ரரி மேனேஜரில் இல்லாத ஒரு லைப்ரரியைக் கிட்ஹப்பிலிருந்து ஜிப்பாக இறக்கி, பிரித்து, லைப்ரரீஸ் ஃபோல்டரில் போட்டேன். கண்ணெதிரே கோப்பு இருக்கிறது. ஆனாலும் ‘நோ சச் ஃபைல்’ என்கிறது.

பதில்: கண்ணெதிரே இருப்பது போதாது, ஐடிஇ பார்க்கும் மட்டத்தில் இருக்க வேண்டும். அது எட்டிப் பார்க்கும் ஆழம் மிகக் குறைவு. லைப்ரரீஸ் ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர், அதற்குள் நேரடியாக ஹெடர் கோப்பு, அல்லது லைப்ரரி.பிராப்பர்ட்டீஸ் என்ற கோப்பும் எஸ்ஆர்சி என்ற உள்ஃபோல்டரும் இருந்தால், அந்த எஸ்ஆர்சிக்குள் ஹெடர். அவ்வளவுதான்.

விண்டோஸில் ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ கொடுக்கும்போது ஜிப்பின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உருவாகிறது. ஜிப்புக்குள்ளும் ஏற்கெனவே அதே பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டு. ஆக, ‘மாஸ்டர்’ அல்லது ‘மெயின்’ என்று முடியும் ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொன்று, அதற்குள்தான் ஹெடர். ஒரு மட்டம் கூடிவிட்டது. உள்ஃபோல்டரை வெட்டி மேலே ஒட்டுங்கள், வெறுமையான வெளிஃபோல்டரை நீக்குங்கள், ஐடிஇ-யை மூடித் திறங்கள். ‘இன்வேலிட் லைப்ரரி ஃபவுண்ட்’ என்று தொடங்கி, ஹெடர் கோப்பு இல்லை என்று சொல்லும் செய்தியும் இந்த ஒரு மட்டக் குழப்பத்தில்தான் பிறக்கிறது.

இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் ஜிப்பைப் பிரிக்காமல், ஸ்கெட்ச் மெனுவில் இன்க்லூட் லைப்ரரி, அதில் ‘ஆட் ஜிப் லைப்ரரி’ என்று போய் அப்படியே கொடுத்துவிடுங்கள். கையால் பிரித்துப் போடுவதைவிட இதுவே நல்ல வழி.

மட்டம் சரியாக இருந்தும் கிடைக்கவில்லையா? மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, பிரிஃபரன்சஸில் ‘ஸ்கெட்ச்புக் லொக்கேஷன்’ எங்கே காட்டுகிறது என்பது. விண்டோஸில் வழக்கமாக டாக்குமென்ட்ஸுக்குள் ஆர்டுயினோ என்ற ஃபோல்டர். ஆனால் ஒன்டிரைவ் இயங்கும் கணினியில் டாக்குமென்ட்ஸ் இரண்டு இருக்கலாம், ஒன்று ஒன்டிரைவுக்குள், இன்னொன்று வெளியே. நீங்கள் ஒன்றில் போட்டிருப்பீர்கள், ஐடிஇ மற்றதைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது, கோப்பின் உண்மையான பெயர். விண்டோஸ் கடைசி ஒட்டை மறைத்துக் காட்டுவதால், .எச் என்று நீங்கள் நினைப்பது .எச்.டிஎக்ஸ்டி என்று இருக்கலாம். மூன்றாவது, கோப்பின் உள்ளடக்கம். கிட்ஹப் பக்கத்தில் ஹெடரின் பெயர் மீது வலது கிளிக் செய்து ‘சேவ் லிங்க்’ கொடுத்தால் நிரல் வராது, அந்த வலைப்பக்கம்தான் சேமிக்கப்படும். கோப்பைத் திறந்தால் முதல் வரியிலேயே எச்டிஎம்எல் என்ற சொல் தெரியும். இதில் வரும் எரரும் வேறு: கோப்பு கிடைத்துவிடும், ஆனால் ‘<’ குறியைப் பார்த்துக் கம்பைலர் திகைத்து நிற்கும்.

கேள்வி: இணையத்திலிருந்து நகலெடுத்த நிரல். ஒரு வரியில் ‘ஸ்ட்ரே \342 இன் புரோகிராம்’ என்றும், இன்னொரு வரியில் ‘இன்க்லூட் எக்ஸ்பெக்ட்ஸ் ஃபைல்நேம்’ என்றும் வருகிறது. லைப்ரரி கெட்டுவிட்டதா?

பதில்: லைப்ரரி நலமாக இருக்கிறது, நகலெடுத்த இடத்தில்தான் பழுது. நேரான மேற்கோள் குறிக்குப் பதிலாக வளைந்த அச்சுக் குறி வந்திருக்கிறது. அந்த வளைந்த குறி கோப்பில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படும். அவற்றை எட்டடிமான எண்களாக எழுதினால் 342, 200, 234. அதனால்தான் ஒரே குறிக்கு மூன்று புகார் வருகிறது. 302, 240 என்று வந்தால் அது கண்ணுக்குத் தெரியாத உடையா இடைவெளி. அந்த வரியை அழித்துவிட்டு, கையால் தட்டச்சு செய்யுங்கள்.

இரண்டாவது எரரில் #இன்க்லூட் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமல் இருக்கும். கோணக்குறிக்குள் இருந்த பெயரை எச்டிஎம்எல் குறி என்று எண்ணி அந்த வலைப்பக்கம் விழுங்கிவிட்டது. கீழே எந்தப் பெயர்கள் பயன்படுகின்றன என்று பார்த்து எந்த ஹெடர் என்று ஊகிக்கலாம். வயர்.பிகின் என்று இருந்தால் வயர்.எச் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: கோணக்குறிக்கும் பெயருக்கும் நடுவே இடைவெளி விட்டால், அந்த இடைவெளியையும் பெயரின் பகுதியாகவே கம்பைலர் எடுத்துக்கொள்ளும். எரர் செய்தியில் பெயருக்கு முன்னால் கொஞ்சம் அதிகமாக இடம் விட்டிருந்தால் காரணம் அதுதான்.

கேள்வி: வீட்டில் விண்டோஸ், கல்லூரி ஆய்வகத்தில் லினக்ஸ். அதே நிரல், அதே லைப்ரரி, அதே பதிப்பு. வீட்டில் கம்பைல் ஆவது ஆய்வகத்தில் ஆகவில்லை.

பதில்: ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாருங்கள். விண்டோஸ் கோப்புப் பெயர்களில் இதைக் கண்டுகொள்வதில்லை. மேக் கணினியும் இயல்பான அமைப்பில் அப்படியே. லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு கோப்பு. வயர்.எச்சின் முதல் எழுத்து பெரியது, எஸ்பிஐ.எச், ஈஈபிராம்.எச் ஆகியவற்றில் புள்ளிக்கு முன்னால் உள்ள எல்லாமே பெரிய எழுத்து. லைப்ரரி ஃபோல்டரைத் திறந்து, ஹெடரின் பெயரை அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுவதுதான் பிழையில்லாத வழி.

இதே வேறுபாடு விண்டோஸில் தலைகீழாகவும் ஒரு சிக்கலைத் தந்தது. நேரம், தேதி கணக்கிடும் ‘டைம்’ லைப்ரரியின் ஹெடர் முன்பு பெரிய ‘டி’யில் தொடங்கும் டைம்.எச். சி மொழியின் சொந்தக் கோப்பும் டைம்.எச்தான், ஆனால் சிறிய ‘டி’. வேறுபாடு தெரியாத கணினியில் ஒன்றைக் கேட்டால் மற்றது வந்து நின்றது. கோப்பு கிடைத்துவிட்டதால் ‘நோ சச் ஃபைல்’ என்ற எரர் வராது; ‘செட்டைம் வாஸ் நாட் டிக்ளேர்டு’ என்றுதான் வரும். அதனால் அந்த ஹெடருக்கு டைம்லிப்.எச் என்று பெயர் மாற்றினார்கள். பழைய நிரல் ஏதாவது டைம்.எச் கேட்டு, செட்டைம் தெரியாது என்று நின்றால், இன்க்லூட் வரியில் டைம்லிப்.எச் என்று மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: யூனோவில் ஓடிய ரோபோ நிரலை ஈஎஸ்பி32 போர்டுக்கு மாற்றுகிறேன். ‘ஏவிஆர்/ஐஓ.எச் இல்லை’, ‘சாஃப்ட்வேர்சீரியல்.எச் இல்லை’ என்று வரிசையாக வருகிறது. இவற்றை எங்கே டவுன்லோடு செய்வது?

பதில்: டவுன்லோடு செய்யாதீர்கள். எங்கிருந்தோ அந்தக் கோப்புகளைக் கொண்டுவந்து லைப்ரரீஸ் ஃபோல்டரில் போட்டால், இன்று வேலை செய்யும் யூனோ நிரலும் நாளை நின்றுவிடும்.

ஏவிஆர் என்பது யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லின் குடும்பப் பெயர். ஏவிஆர்/ என்று தொடங்கும் ஹெடர்கள் அந்தக் குடும்பத்தின் ரெஜிஸ்டர்களை (சில்லுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு இடங்களை) விவரிப்பவை. ஈஎஸ்பி32இல் அந்த ரெஜிஸ்டர்களே கிடையாது. கோப்பை எப்படியோ கொண்டுவந்து வைத்தாலும் அடுத்த படியில் டிசிசிஆர்1ஏ போன்ற ரெஜிஸ்டர் பெயர்களில் நிரல் நிற்கும். அந்த ஹெடரைக் கேட்பது லைப்ரரி என்றால், ஈஎஸ்பி32க்கு எழுதப்பட்ட மாற்று லைப்ரரியைத் தேட வேண்டும். கேட்பது உங்கள் நிரல் என்றால், அந்த வரியை நீக்கிப் பாருங்கள். பல நிரல்களில் தேவையே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ரோபோ என்றால் சர்வோவும் இருக்கும். வழக்கமான சர்வோ லைப்ரரி இந்தப் போர்டில் கம்பைல் ஆகாது. ‘ஈஎஸ்பி32சர்வோ’ என்ற லைப்ரரியை நிறுவி, இன்க்லூட் வரியை மாற்றினால் அட்டாச், ரைட் எல்லாம் பழையபடியே நடக்கும். சாஃப்ட்வேர்சீரியலை எடுத்துவிடுங்கள். ஈஎஸ்பி32இல் மூன்று வன்பொருள் சீரியல்கள் உண்டு. சீரியல்2.பிகின் என்று எழுதி, வேகம், எஸ்இஆர்ஐஏஎல்_8என்1, பெறும் பின், அனுப்பும் பின் ஆகிய நான்கையும் வரிசையாகக் கொடுங்கள். 16, 17 பின்கள் வழக்கமானவை. ஆனால் உங்களுடையது ரோவர் வகை மாட்யூல் என்றால் அந்த இரண்டும் கூடுதல் நினைவகத்துக்குப் போய்விடும். வேறு பின்களைக் கொடுங்கள். யூனோவில் 5 வோல்ட்டுக்கு இணைத்திருந்த மாட்யூலின் டிஎக்ஸ் வயரை நேராக இதில் செருகாதீர்கள். ஈஎஸ்பி32 பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை; நடுவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஒரு லெவல் ஷிஃப்டர் வேண்டும்.

ஈஈபிராம்.எச் மட்டும் ஏமாற்றும். அது இங்கேயும் உண்டு, எரர் இல்லாமல் கம்பைலும் ஆகும். ஆனால் தொடக்கத்தில் ஈஈபிராம்.பிகின் என்று அளவைக் கொடுத்து, எழுதி முடித்ததும் கமிட் என்று சொல்லாவிட்டால் எழுதியது சேமிக்கப்படாது.

ஈஎஸ்பி8266க்கு எழுதிய நிரலைக் கொண்டுவருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஈஎஸ்பி8266வைஃபை.எச் என்பதை வைஃபை.எச் என்றும், ஈஎஸ்பி8266வெப்சர்வர்.எச் என்பதை வெப்சர்வர்.எச் என்றும் மாற்றுங்கள். இவை லைப்ரரி மேனேஜரில் வருவதில்லை, போர்டு மேனேஜரில் நிறுவும் போர்டு தொகுப்போடு வருபவை. டூல்ஸ் மெனுவில் யூனோ என்று தேர்வு இருந்தால் எத்தனை தடவை நிறுவினாலும் அவை கிடைக்காது. எரர் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, தேர்வான போர்டின் பெயரை.

கேள்வி: ஈஎஸ்பி32இல் நேற்று வரை ஓடிய நிரல். போர்டு தொகுப்பை அப்டேட் செய்ததும் ‘எல்இடிசிசெட்டப் வாஸ் நாட் டிக்ளேர்டு’ என்கிறது. எந்த ஹெடரைச் சேர்க்க வேண்டும்?

பதில்: எதையும் சேர்க்க வேண்டாம். போர்டு தொகுப்பின் 3.0 பதிப்பில், பிடபிள்யூஎம் (பின்னை வேகமாக ஏற்றி அணைத்து ஒளியையோ வேகத்தையோ கட்டுப்படுத்தும் முறை) கட்டளைகளான எல்இடிசிசெட்டப், எல்இடிசிஅட்டாச்பின் இரண்டையும் எடுத்துவிட்டு, எல்இடிசிஅட்டாச் என்ற ஒரே கட்டளையாக்கிவிட்டார்கள்: பின் எண், அதிர்வெண், எத்தனை பிட் என்ற மூன்றையும் அதற்குக் கொடுக்க வேண்டும். எல்இடிசிரைட்டுக்கும் இப்போது சேனல் எண் கிடையாது, பின் எண்தான். மாற்ற நேரமில்லையென்றால் போர்டு மேனேஜரில் 2 என்று தொடங்கும் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து நிறுவிக்கொள்ளலாம்.

கேள்வி: ஐ2சி எல்சிடி திரை. ஒரு நிரலில் ‘பாசிட்டிவ் வாஸ் நாட் டிக்ளேர்டு’, இன்னொன்றில் ‘இனிட் என்ற உறுப்பு இல்லை’. லைப்ரரி இல்லை என்று ஒருபோதும் சொல்லவில்லை. நான்கு லைப்ரரிகளை நிறுவிப் பார்த்துவிட்டேன்.

பதில்: அந்த நான்குதான் இப்போது சிக்கல். லிக்விட்கிரிஸ்டல்_ஐ2சி.எச் என்ற ஒரே பெயரில், வெவ்வேறு பேர் எழுதிய பல லைப்ரரிகள் உலவுகின்றன. பெயர் ஒன்று, உள்ளே கட்டளைகள் வேறு. ஐடிஇ-க்குப் பெயர் மட்டும்தான் தெரியும். நான்கில் எதையோ ஒன்றை எடுக்கும். அது உங்கள் நிரலை எழுதியவர் வைத்திருந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை.

எந்த நிரலுக்கு எது என்று கண்டுபிடிப்பது எளிது. திரையை அறிவிக்கும் வரியில் அடைப்புக்குறிக்குள் மூன்று மதிப்புகள், அதாவது முகவரி, 16, 2 என்று இருந்தால் எளிய வகை லைப்ரரி. முகவரிக்குப் பின்னால் 2, 1, 0, 4, 5, 6, 7, 3 என்று எண்கள் அணிவகுத்து ‘பாசிட்டிவ்’ என்று முடிந்தால், அது ‘நியூலிக்விட்கிரிஸ்டல்’ என்ற தொகுப்புக்கு எழுதிய நிரல். எளிய வகையிலேயும் சிலவற்றில் எல்சிடி.இனிட், சிலவற்றில் எல்சிடி.பிகின். நீங்கள் வைத்துக்கொள்ளப்போகும் லைப்ரரியின் எக்ஸாம்பிள்ஸில் ‘ஹலோவேர்ல்டு’ ஸ்கெட்சைத் திறந்து, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே உங்கள் நிரலை மாற்றுங்கள்.

மற்ற மூன்றையும் லைப்ரரீஸ் ஃபோல்டரை விட்டே வெளியேற்றுங்கள். ‘பழையது’ என்று பெயர் மாற்றி அங்கேயே வைத்தால் பயனில்லை. ஐடிஇ ஃபோல்டரின் பெயரோடு நிற்காமல் உள்ளே இருக்கும் ஹெடரையும் பார்க்கும்.

முகவரியிலும் ஒரு சிறு குழப்பம் உண்டு. திரையின் முதுகில் இருக்கும் சில்லு பிசிஎஃப்8574 என்றால் முகவரி 0எக்ஸ்20 முதல் 0எக்ஸ்27 வரை. கடைசியில் ‘ஏ’ சேர்ந்த பிசிஎஃப்8574ஏ என்றால் 0எக்ஸ்38 முதல் 0எக்ஸ்3எஃப் வரை. பெரும்பாலும் 27 அல்லது 3எஃப்தான்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை ‘எச்டி44780’ என்ற லைப்ரரி. முகவரியையும் பின் அமைப்பையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். எழுத்தே தெரியாமல் வெளிச்சம் மட்டும் வந்தால் அதன் ‘ஐ2சிஎக்ஸ்ப்டயக்’ என்ற எக்ஸாம்பிள் எங்கே கோளாறு என்று சீரியல் மானிட்டரில் எழுதிக் காட்டும். அதற்கு முன், திரையின் முதுகில் உள்ள நீலப் பெட்டியின் திருகை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். பல திரைகள் அந்தத் திருகிலேயே உயிர் பெற்றுவிடும்.

கேள்வி: ‘மல்டிபிள் லைப்ரரீஸ் வேர் ஃபவுண்ட்’ என்று சிவப்பில் வருகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: கம்பைல் முடிந்துவிட்டால் வேண்டாம். அது தகவல். ‘யூஸ்டு’ என்பதற்கு எதிரே இருப்பது எடுத்துக்கொண்டது, ‘நாட் யூஸ்டு’ என்பதற்கு எதிரே இருப்பது ஒதுக்கியது. உங்கள் போர்டின் குடும்பத்துக்குப் பொருந்துகிறதா, ஃபோல்டரின் பெயர் ஹெடரின் பெயரோடு ஒத்துப்போகிறதா, எந்த இடத்தில் இருக்கிறது என்பவற்றை வைத்து ஐடிஇ தேர்ந்தெடுக்கிறது. மற்றவை சமமானால் ஸ்கெட்ச்புக்கில் இருப்பதற்கே முன்னுரிமை. கம்பைல் நின்றிருந்தால் மட்டும், ‘யூஸ்டு’ காட்டும் பாதையை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பிரிஃபரன்சஸில் ‘வெர்போஸ் அவுட்புட்’ பகுதியில் கம்பைலேஷனுக்கு எதிரே டிக் செய்தால், எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, எந்த ஃபோல்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கிடைக்கும். எங்களுக்கு எழுதும்போது அந்த வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: யூனோவில் ஐஆர் ரிமோட் தனியாக ஓடுகிறது, பஸர் தனியாக ஓடுகிறது. இரண்டையும் ஒரே நிரலில் சேர்த்தால் ‘மல்டிபிள் டெஃபினிஷன் ஆஃப் __வெக்டர்_7’ என்று நிற்கிறது. இரண்டு ஹெடர்களும் கிடைத்துவிட்டனவே?

பதில்: கிடைத்துவிட்டன; கம்பைலும் ஆகிவிட்டன. எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் கட்டும் லிங்க்கர்தான் இப்போது மறுக்கிறது. லைப்ரரியை மறுபடி நிறுவுவதால் ஒன்றும் நடக்காது.

ஏடிமெகா328பி சில்லில் மூன்று டைமர்கள். டைமர் 0 மில்லிஸ், டிலேக்குப் போய்விட்டது. மீதி இரண்டு. ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் (நடக்கும் வேலையை இடைநிறுத்தி அழைக்கும் குறிப்புக்கும்) ஓர் எண், அதாவது வெக்டர், உண்டு. ஓர் எண்ணுக்கு ஒரே ஒரு பணிதான் பதிவாக முடியும். வெக்டர் 7 டைமர் 2க்கு உரியது. பஸருக்கான டோன் கட்டளை அதைக் கேட்கிறது, ஐஆர்ரிமோட் லைப்ரரியும் இயல்பாக அதையே கேட்கிறது. ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர்.

எண்ணைப் பார்த்தாலே யார் மோதுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். __வெக்டர்_11 என்றால் டைமர் 1. சர்வோ லைப்ரரி அங்கேதான் இருக்கிறது. 3, 4, 5 என்றால் பின் மாற்ற இன்டரப்ட்டுகள். சாஃப்ட்வேர்சீரியல் மூன்றையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும்.

உங்களுக்கு மூன்று வழிகள். மிக எளியது, உள்ளேயே அலைவுச் சுற்று கொண்ட ஆக்டிவ் பஸருக்கு மாறுவது. டிஜிட்டல்ரைட்டில் ஹை கொடுத்தால் ஒலிக்கும், டோன் தேவையில்லை, டைமரும் தேவையில்லை. பீப் ஒலி போதுமென்றால் இதையே செய்யுங்கள். ராகமாக வாசிக்க வேண்டுமென்றால் ‘டைமர்ஃப்ரீடோன்’ லைப்ரரி உண்டு. ஆனால் ஒலி முடியும் வரை நிரல் அந்த வரியிலேயே காத்திருக்கும். மூன்றாவது, ஐஆர்ரிமோட்டை டைமர் 1க்கு நகர்த்துவது. 4 என்று தொடங்கும் பதிப்புகளில், ஐஆர்ரிமோட்.எச்பிபி இன்க்லூட் வரிக்கு மேலே #டிஃபைன் ஐஆர்_யூஸ்_ஏவிஆர்_டைமர்1 என்று எழுதுங்கள். வரிசை முக்கியம், கீழே எழுதினால் பலன் இல்லை. அப்படி நகர்த்தினால் 9, 10 பின்களின் பிடபிள்யூஎம் போய்விடும், சர்வோவும் சேர்ந்து ஓடாது. நிரலில் சர்வோ இருந்தால் முதல் வழிதான் நல்லது.

அந்த லைப்ரரியின் 2ஆம் பதிப்புக்கு எழுதிய நிரல்கள் புதிய பதிப்பில் வேறு விதமாகவும் தடுமாறும். ஐஆர்ரிசீவர்.பிகின், ஐஆர்ரிசீவர்.டிகோட் என்று கட்டளைகளே மாறியிருக்கின்றன. லைப்ரரியின் எக்ஸாம்பிளில் சிம்பிள்ரிசீவரைத் திறந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிரல் நீண்டுவிட்டதால் நானே மோட்டார்.எச், மோட்டார்.சிபிபி என்று பிரித்தேன். ஸ்கெட்சில் ஓடிய அதே வரிகள் இப்போது ‘டிஜிட்டல்ரைட் வாஸ் நாட் டிக்ளேர்டு’ என்கின்றன. அதைச் சரி செய்தால் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ வருகிறது.

பதில்: .ஐஎன்ஓ கோப்புக்கு மேலே ஆர்டுயினோ.எச் வரியை ஐடிஇ உங்களுக்குத் தெரியாமல் சேர்த்துவிடும். .எச், .சிபிபி கோப்புகளுக்கு அந்தச் சலுகை இல்லை. மோட்டார்.எச்சின் தலையில் நீங்களே எழுதுங்கள். அதற்கும் மேலே #பிராக்மா ஒன்ஸ் என்ற வரியையும் வையுங்கள். ஒரே ஹெடர் இரண்டு முறை உள்ளே வந்து ‘ரீடெஃபினிஷன்’ என்று நிற்காது.

இரண்டாவது எரருக்குக் காரணம், மோட்டார்.எச்சில் ஒரு மாறிக்கு மதிப்பும் கொடுத்து எழுதியிருப்பீர்கள். ‘இன்ட் வேகம் = 100;’ என்ற வரி ஹெடரில் இருந்தால், அந்த ஹெடரைக் கேட்கும் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு ‘வேகம்’ பிறக்கும். ஸ்கெட்சில் ஒன்று, மோட்டார்.சிபிபியில் ஒன்று, ஆக இரண்டு. மதிப்புள்ள வரியை .சிபிபிக்கு மாற்றிவிட்டு, ஹெடரில் ‘எக்ஸ்டர்ன் இன்ட் வேகம்;’ என்று அறிவிப்பை மட்டும் வையுங்கள். .சிபிபி கோப்பை யாரும் இன்க்லூட் செய்யக் கூடாது.

ஸ்கெட்சில் மேற்கோள் குறிக்குள் "மோட்டார்.எச்" என்று எழுதுங்கள். மேற்கோள் குறி போட்டால் முதலில் ஸ்கெட்ச் ஃபோல்டரிலேயே தேடும். கோணக்குறி போட்டால் அங்கே தேடாது. கோப்புகளை உள்ஃபோல்டரில் வைக்க விரும்பினால் அதன் பெயர் எஸ்ஆர்சி என்றுதான் இருக்க வேண்டும். வேறு பெயர் வைத்தால் ஹெடர் கிடைத்தாலும் .சிபிபி கம்பைல் ஆகாமல், ‘அன்டிஃபைண்டு ரெஃபரன்ஸ்’ என்று லிங்க்கர் கை விரிக்கும்.

கேள்வி: பழைய லைப்ரரி ஒன்று டபிள்யூபுரோகிராம்.எச் கேட்கிறது. எங்கே கிடைக்கும்?

பதில்: எங்கும் கிடைக்காது. 2011 இறுதியில் ஆர்டுயினோ 1.0 வந்தபோது அதன் பெயர் ஆர்டுயினோ.எச் என்று மாறிவிட்டது. லைப்ரரியின் கோப்புகளில் அந்தப் பெயரை மாற்றுங்கள். கூடவே வயர்.சென்ட் என்பதை வயர்.ரைட் என்றும், வயர்.ரிசீவ் என்பதை வயர்.ரீட் என்றும் மாற்ற வேண்டியிருக்கும். புதிதாக எழுதிய மாற்று லைப்ரரி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓஎல்இடி திரையில் வேறு எழுத்துரு வேண்டி ஃபான்ட்ஸ்/ஃப்ரீசான்ஸ்9பிடி7பி.எச் சேர்த்தேன். ‘நோ சச் ஃபைல்’. ஆனால் இன்க்லூட் வரிகளின் வரிசையை மாற்றியதும் சரியாகிவிட்டது. வரிசையில் என்ன இருக்கிறது?

பதில்: எல்லா லைப்ரரிகளின் பாதையையும் ஐடிஇ கம்பைலரிடம் கொடுப்பதில்லை. இன்க்லூட் வரிகளை மேலிருந்து கீழாகப் படித்து, கிடைக்காத ஹெடர் வந்ததும், அது எந்த லைப்ரரியின் மேல்மட்டத்தில் இருக்கிறது என்று தேடி, அந்த ஒன்றின் பாதையை மட்டும் சேர்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படிக்கும். உங்கள் எழுத்துருக் கோப்பு மேல்மட்டத்தில் இல்லை, ஃபான்ட்ஸ் என்ற உள்ஃபோல்டரில் இருக்கிறது. தனியாகத் தேடினால் அகப்படாது. அடாஃப்ரூட்_ஜிஎஃப்எக்ஸ்.எச் முதலில் வந்துவிட்டால் அந்த லைப்ரரியின் பாதை ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதன்பின் உள்ஃபோல்டருக்குப் போவது எளிது. மேலே சொன்ன எச்டி44780 லைப்ரரியிலும் இதே கதை: முதலில் எச்டி44780.எச், அதற்குக் கீழே எச்டி44780ஐஓகிளாஸ்/எச்டி44780_ஐ2சிஎக்ஸ்ப்.எச்.